சிலாஜித்: பாறைக் கசிவும் ஆண் ஹார்மோனும்

கைக்குள் அடங்குகிற ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே தார் மாதிரிக் கறுப்பாக, பளபளப்பாக, இழுத்தால் நூல் விடுகிற பிசின். அரிசியளவு எடுப்பதற்குக் கூடவே ஒரு குட்டிக் கரண்டி. தினமும் வெந்நீரிலோ பாலிலோ கரைத்துக் குடித்தால் சோர்வு பறந்துவிடும், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறும், ஆண்மை பெருகும் என்கிறது விளம்பரம். ஒரு காலத்தில் ஐம்பதைத் தாண்டியவர்கள் வைத்தியரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டு வாங்கிய பொருள் இது. இப்போது இருபத்தைந்து வயது இளைஞர்கள் ஜிம்முக்குக் கிளம்பும் நேரத்தில் போனிலேயே வாங்கிவிடுகிறார்கள்.

"நிஜமாகவே வேலை செய்யுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. சிலாஜித்தைப் பற்றிப் பழைய நூல்கள் சொல்வது ஒன்று. ஆய்வுகள் காட்டுவது அதைவிடக் கொஞ்சம். விளம்பரம் சொல்வதோ இரண்டையும்விடப் பல மடங்கு பெரிது. மூன்றும் ஒரே குப்பிக்குள் கலந்து கிடப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். இமயமலை, காரகோரம், இந்துகுஷ், அல்தாய், காகசஸ் போன்ற மலைத்தொடர்களில் கோடை வெயில் ஏற ஏற, பாறை வெடிப்புகளிலிருந்து பழுப்பும் கறுப்புமான ஒரு பசை கசியும். சமஸ்கிருதத்தில் இதற்கு சிலாஜது என்று பெயர். சிலா என்றால் கல், ஜது என்றால் அரக்கு. தமிழில் கன்மதம் என்கிறோம். யானைக்கு மதநீர் கசிவதுபோலக் கல்லுக்குக் கசிவது என்று பெயர் வைத்தவர் பாறையின் அருகில் நின்று பார்த்திருக்க வேண்டும். மத்திய ஆசியாவிலும் ரஷ்யாவிலும் இதே பொருளை மூமியோ என்பார்கள். கையில் வைத்தால் உடல் சூட்டில் இளகும், குளிரில் உடையும். கசப்பும் துவர்ப்பும் கலந்த சுவை. வாடை பசுவின் மூத்திரத்தை ஒத்திருக்கும் என்று பழைய நூல்களே மறைக்காமல் சொல்லியிருக்கின்றன.

கனிமம் என்று இதைச் சொல்வது பாதிதான் சரி. கனிம மருந்துகளைப் பேசும் ஆயுர்வேத ரசசாஸ்திரம் அப்பிரகம் (மைக்கா) முதலான எட்டு மகாரசங்களில், அதாவது முதன்மைக் கனிமங்களில், ஒன்றாக இதைச் சேர்த்தது. ஆனால் வேதியியல் கண்ணில் பார்த்தால் இதன் பெரும்பகுதி தாவரத்திலிருந்து வந்தது. பாறை இடுக்குகளில் சிக்கிய செடிகளும் பாசிகளும் நெடுங்காலம் மக்கி, நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து, பாறையிலிருந்து கரைந்த உப்புகளும் சேர்ந்து உருவான கலவை. இந்தத் தோற்றக் கதையின் எல்லாக் கண்ணிகளும் நிரூபணமானவை அல்ல. பலரும் ஏற்கிற விளக்கம் இதுதான். எடையில் பாதிக்கு மேல் ஹியூமிக் பொருள்கள், அதாவது தாவரம் மக்கி உருவான கரிமச் சேர்மங்கள். அவற்றில் முக்கியமானது ஃபுல்விக் அமிலம். கூடவே டைபென்சோ ஆல்ஃபா பைரோன் என்ற சேர்மங்கள், கொஞ்சம் அமினோ அமிலங்கள், மிச்சம் தாது உப்புகள். இந்த வேதியியலைத் துலக்கியதில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் சிப்நாத் கோசாலுக்குப் பெரும் பங்கு உண்டு.

"84 தாதுக்கள் அடங்கியது" என்ற வாசகத்தைக் குப்பிகளில் பார்த்திருப்பீர்கள். கருவியில் வைத்து அளந்தால் அத்தனை தனிமங்களின் தடம் தெரியலாம். ஆனால் எவ்வளவு என்பதே கேள்வி. ஒருவர் நாளொன்றுக்கு எடுப்பது 300 முதல் 500 மில்லிகிராம். அதில் பெரும்பகுதி ஹியூமிக் பொருள் போக, மிச்சமிருப்பதில் அத்தனை தாதுக்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். வளர்ந்த ஆணுக்கு மக்னீசியம் மட்டுமே தினம் 400 மில்லிகிராமுக்குப் பக்கம் தேவை. ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் கொஞ்சம் கீரையும் தருகிற தாதுச் சத்தை இந்த அரிசியளவுப் பிசின் தரவே முடியாது. சிலாஜித்துக்கு ஏதாவது பலன் இருந்தால் அது தாது எண்ணிக்கையிலிருந்து வருவதல்ல.

சரி, பழைய நூல்கள் என்னதான் சொல்கின்றன? சரக சம்ஹிதையின் சிகிச்சா ஸ்தானம், முதல் அத்தியாயம், மூன்றாம் பாதம். சிலாஜித்தைப் பற்றிய புகழ்பெற்ற பகுதி இங்கேதான் இருக்கிறது. பொன், வெள்ளி, செம்பு, இரும்பு ஆகிய நான்கின் தன்மையோடு கசியும் நான்கு வகைகளைச் சொல்லி, இரும்பின் தன்மை கொண்டதே மேல் என்கிறது சரகம். தீர்க்கக்கூடிய நோய்களில் சிலாஜித் வெல்லாத நோய் உலகில் இல்லை என்ற பெருமைமிக்க வரியும் இங்கேதான். விற்பவர்கள் எல்லோரும் இந்த ஒரு வரியை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த வரி எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

அது ரசாயன அத்தியாயம். இங்கே ரசாயனம் என்பது கெமிக்கல் அல்ல. முதுமையைத் தள்ளிப்போட்டு, ரத்தம், தசை முதலான உடல் தாதுக்களைத் தேற்றுகிற சிகிச்சை முறை அது. சித்த மருத்துவத்தில் காயகற்பம் என்கிறோமே, அதற்கு நெருக்கமானது. ஆண்மைக்கும் மக்கட்பேற்றுக்கும் சரகர் தனியாக வாஜீகரணம் என்று அடுத்த அத்தியாயமே வைத்திருக்கிறார். சிலாஜித்தை அவர் விரித்துப் பேசுவது அங்கே அல்ல. சுஸ்ருத சம்ஹிதையோ ஈயம், தகரம் இரண்டையும் சேர்த்து ஆறு வகை சொல்லி, இதை மதுமேகச் சிகிச்சையில், அதாவது இன்று நாம் நீரிழிவு என்று சொல்வதோடு ஒப்பிடும் நோய்க்குக் கொடுக்கிறது. இன்றும் சிலாஜித் சேர்கிற பிரபலமான ஆயுர்வேத மருந்து சந்திரபிரபா வடி. அதை வைத்தியர்கள் முக்கியமாகச் சிறுநீர்க் கோளாறுகளுக்கே எழுதுகிறார்கள்.

எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தது 1935இல், ஆம்ஸ்டர்டாமில், எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு. அதே ஆண்டில் புட்டனாண்டும் ருஜிச்காவும் அதை ஆய்வகத்தில் செய்துகாட்டினார்கள். 1939இல் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஆக, சிலாஜித் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்பது ஈராயிரம் ஆண்டு ஞானமல்ல. அது சமீப காலத்துக் கருத்து. சமீபத்தியது என்பதாலேயே தவறாகிவிடாது. ஆனால் அதற்குச் சான்றைச் சமீபத்து ஆய்வுகளில்தான் தேட வேண்டும், சரகரைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

பழைய நூல்களிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய வேறொன்று உண்டு. பாறையிலிருந்து சுரண்டி எடுத்ததை அப்படியே சாப்பிடும்படி அவை சொல்லவில்லை. மண், கல், செடித் துணுக்கு, பூஞ்சை எல்லாம் அதில் கலந்திருக்கும். ஆகவே சோதனம், அதாவது சுத்தி செய்வது, கட்டாயம். வெந்நீரிலோ திரிபலா கஷாயத்திலோ ஊறவைத்துக் கரைத்து, வடிகட்டி, தெளிந்த நீரை மட்டும் எடுத்து வற்றவைப்பார்கள். வெயிலில் வைத்து மேலே படியும் ஆடையை நாள்கணக்கில் எடுத்துச் சேர்த்தால் சூரியதாபி. அடுப்பில் வற்றவைத்தால் அக்கினிதாபி. வெயில் முறைக்கு நாளும் பொறுமையும் அதிகம் வேண்டும் என்பதால் அதற்கு மதிப்பும் விலையும் கூட. மருந்து உண்ணும் காலத்துக்குப் பத்தியமும் உண்டு. குறிப்பாகக் கொள்ளுப் பயற்றைத் தவிர்க்கச் சொல்கிறது சரகம். நூலில் உள்ள அளவுகளோ கர்ஷம், பலம் என்று பல கிராம்களில் போகும். அவை வைத்தியர் கண்பார்வையில், உடலைத் தயார்செய்து, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் கொடுத்தவை. அந்த அளவை இன்று வீட்டில் முயன்று பார்க்கவே கூடாது.

இனி ஹார்மோன். டெஸ்டோஸ்டிரோன் சுரப்பது ஒரு சங்கிலியில் நடக்கும் வேலை. மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் சேதி அனுப்பும். பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடும். எல்.எச். விரையின் லேடிக் செல்களைத் தூண்ட, அங்கே டெஸ்டோஸ்டிரோன் உருவாகும். ரத்தத்தில் அது போதுமான அளவு சேர்ந்ததும் மூளை தன் சேதியைக் குறைத்துக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மிதவை மேலேறிக் குழாயை அடைப்பதுபோல. அதனால்தான் தேவையில்லாமல் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்குச் சொந்தச் சுரப்பு அடங்கி, விந்தணு எண்ணிக்கையும் சரிந்துவிடுகிறது. குழந்தைக்கு முயலும் ஆண்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

வயது ஏற ஏற இந்த அளவு மெல்லக் குறைவது இயல்பு. நடுவயதுக்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். தூக்கக் குறைவு இதைவிட வேகமாகக் குறைக்கும். சிகாகோவில் ஆரோக்கியமான இளைஞர்கள் பத்துப் பேரை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியிருந்தது. ஒரே வாரத்தில்! வயிற்றுக் கொழுப்பும் அப்படித்தான். கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். எடை குறைந்தால் அளவு தானாக ஏறுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிலாஜித்தின் பலனை எடைபோடும்போது இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2016இல் 'ஆண்ட்ராலஜியா' என்ற மருத்துவ இதழில் வந்தது. 45 முதல் 55 வயது வரையுள்ள ஆரோக்கியமான ஆண்களுக்குச் சுத்திசெய்த சிலாஜித் 250 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 90 நாள். இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. முடிவில் சிலாஜித் எடுத்தவர்களின் மொத்த டெஸ்டோஸ்டிரோன் சுமார் 20 சதவீதம் ஏறியிருந்தது. 2010இல் அதே இதழில் வந்த இன்னொன்று விந்தணு குறைந்த ஆண்களைப் பற்றியது. 100 மில்லிகிராம், இரண்டு வேளை, 90 நாள். விந்தணு எண்ணிக்கை சுமார் 60 சதவீதமும் டெஸ்டோஸ்டிரோன் 20 சதவீதத்துக்குச் சற்று மேலும் கூடியதாக முடிவு. விந்தணு ஒன்று உருவாக இரண்டரை மாதம்போல ஆகும் என்பதால் 90 நாள் என்ற கணக்கு பொருத்தமானதே. 2019இல், உடற்பயிற்சி செய்யும் ஆண்கள் 63 பேரிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வில், தினம் 500 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குக் களைப்பூட்டும் பயிற்சிக்குப் பின் தசை வலிமை குறைவது கொஞ்சம் மட்டுப்பட்டது. 250 மில்லிகிராமுக்கு அப்படி ஒரு பலன் தெரியவில்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2010 ஆய்வை முடித்தவர்கள் 28 பேர்தான். ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மாத்திரைக் குழுவே இல்லை. விந்தணு எண்ணிக்கை ஒரே மனிதரிடம் மாதத்துக்கு மாதம் பெரிதாக ஏறி இறங்கும். குறைவாக இருந்தபோது சேர்க்கப்பட்டவர்களுக்கு அடுத்த சோதனையில் சும்மாவே ஏறித் தெரியலாம். 2016 ஆய்வின் வடிவமைப்பு இதைவிடப் பலமானது. ஆனாலும் அது ஒரு ஆய்வு, சிறிய எண்ணிக்கை. இந்தத் துறையின் பல ஆய்வுகள் ஒரே நிறுவனத்தின் சுத்திசெய்த சாற்றை வைத்தும், அந்த நிறுவனத்தின் ஆதரவோடும் நடந்தவை. அதற்காக முடிவுகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தொடர்பில்லாத வேறு குழுக்கள் பெரிய அளவில் செய்து அதே முடிவைக் காணும்வரை இதை ஒரு நல்ல தொடக்கம் என்று மட்டுமே சொல்ல முடியும்.

இன்னொன்று, எல்லோரும் தாண்டிப்போகிற ஒன்று. 20 சதவீதம் ஏறினால் உடம்புக்குத் தெரியுமா? ஆணின் இயல்பான அளவு டெசிலிட்டருக்குச் சுமார் 300 முதல் 1000 நானோகிராம் என்ற அகலமான எல்லைக்குள் இருக்கும். 500 இருந்தவருக்கு 600 ஆனால் காகிதத்தில் மாற்றம், நடப்பில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இயல்பு எல்லைக்குள் இருக்கும்வரை கூடுதல் டெஸ்டோஸ்டிரோன் கூடுதல் ஆண்மையாக மாறுவதில்லை. நிஜமாகவே குறைவாக, 200க்கும் கீழே இருப்பவருக்கோ இந்த 20 சதவீதம் போதாது. அவருக்குத் தேவை நோயறிதல். பிட்யூட்டரிக் கட்டி, விரைப் பாதிப்பு, வேறு மருந்துகளின் விளைவு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அதைத் தேடாமல் குப்பி மேல் குப்பியாக வாங்கிக்கொண்டிருந்தால் நாள்தான் வீணாகும்.

குப்பிக்குள் இருப்பது என்ன என்பதுதான் என்னை அதிகம் கவலைப்படவைக்கிறது. பாறையிலிருந்து வருவதால் ஈயம், ஆர்சனிக், பாதரசம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் இயற்கையாகவே இதில் சேரக்கூடும். சுத்தி செய்யும்போது அவற்றின் அளவைப் பரிசோதித்துக் கட்டுப்படுத்த வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004இல் வெளியான ஆய்வில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. 2008இல் இணையத்தில் வாங்கிய 193 தயாரிப்புகளைப் பார்த்தபோதும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் அதே நிலை. இவை சிலாஜித்தை மட்டும் பார்த்த ஆய்வுகள் அல்ல. ஆனாலும் தினம் விழுங்குகிற ஒன்றை மாதக்கணக்கில் எடுக்கும்போது, உடலில் தங்கிச் சேருகிற ஈயம் சாதாரண விஷயமல்ல. சோர்வும் ரத்தசோகையும் விந்தணுக் குறைவும் ஈய நஞ்சின் விளைவுகளில் சேரும். எதைப் போக்க மருந்து எடுத்தாரோ அதையே மருந்து கொண்டுவந்துவிடும்.

வீட்டிலேயே தரம் பார்ப்பது எப்படி என்று காட்டுகிற வீடியோக்கள் ஏராளம். தீயில் காட்டினால் புகையாமல் உப்ப வேண்டும், தண்ணீரில் விட்டால் நூல்போல இழைந்து கீழே இறங்க வேண்டும். இவை ரசசாஸ்திர நூல்களிலேயே உள்ள சோதனைகள்தான். வெல்லப்பாகையோ தாரையோ கலந்த போலியை அடையாளம் காண ஓரளவு உதவும். ஆனால் ஈயம் கலந்த அசல் சிலாஜித்தும் அதே மாதிரிதான் நீரில் இறங்கும். கண்ணுக்குத் தெரியாததை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். இந்திய ஆயுர்வேத மருந்துத் தர வரம்புகளின்படி ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்கு, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பங்கைத் தாண்டக் கூடாது. வாங்கும் குப்பியில் மருந்து உற்பத்தி உரிம எண், தொகுதி எண் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தொகுதிக்கான ஆய்வகச் சான்றை நிறுவனத்திடம் கேளுங்கள். தராவிட்டால் வாங்காதீர்கள்.

ஆண்மைக்கு என்று விற்கப்படும் கலவைகளில் வேறோர் ஆபத்தும் உண்டு. குடித்த ஒரு மணி நேரத்திலேயே பலன் தெரிகிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். சிலாஜித் அப்படி வேலை செய்யாது. சில்டெனாஃபில் (வயாகராவில் இருப்பது) போன்ற ஆங்கில மருந்தைச் சொல்லாமல் கலந்த 'மூலிகை' தயாரிப்புகளைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்ப எச்சரித்து வந்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் தெரியாமல் அதை விழுங்கினால் ரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். பாலுறவு ஆற்றலைக் கூட்டும் என்று எந்த மருந்தையும் விளம்பரப்படுத்துவதை நம் நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம் என்று அதற்குப் பெயர். சட்டம் எழுபது ஆண்டுகளாக இருக்கிறது, விளம்பரமும் நம் கைப்போனில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள், உடலில் இரும்புச்சத்து அளவுக்கு மீறிச் சேரும் நோய் உள்ளவர்கள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் வேண்டாம். பதின்வயதுப் பையன்களுக்கும் வேண்டாம். அவர்களின் ஹார்மோன் சங்கிலி அப்போதுதான் தன் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

சோர்வாக இருக்கிறது, ஆர்வம் குறைந்துவிட்டது என்று சிலாஜித்தைத் தேடுகிற ஆண்கள் முதலில் ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் போவது நல்லது. ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் டி, பி12. இவற்றில் ஒன்று சரியில்லாவிட்டாலே உடம்பு அடித்துப்போட்டதுபோல இருக்கும். குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பக்கத்தில் படுப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். மனச்சோர்வும் இதே அறிகுறிகளோடு வரும், அதைச் சொல்ல ஆண்கள் மிகவும் தயங்குகிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் பார்ப்பதென்றால் காலையில், பத்து மணிக்குள், வேறு வேறு நாள்களில் இரண்டு முறை பார்க்க வேண்டும். மாலையில் எடுத்த ஒரே அறிக்கையை வைத்துப் பயந்து மருந்து வாங்கியவர்கள் உண்டு. நாளின் போக்கில் அது இயல்பாகவே இறங்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகும் எடுத்துப் பார்க்க விரும்பும் ஆரோக்கியமான ஆண் ஒருவர், படித்த ஆயுர்வேத மருத்துவரின் மேற்பார்வையில், ஆய்வுகளில் பயன்பட்ட அளவுக்குள், மூன்று மாதம் எடுத்துப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. தொடங்கும்முன் ஒரு பரிசோதனை, 90 நாள் கழித்து ஒன்று. மாற்றமில்லை என்றால் நிறுத்திவிடலாம். அஸ்வகந்தா, பூனைக்காலி, தங்க பற்பம் என்று பத்துப் பொருள் சேர்ந்த கலவையாக இல்லாமல் தனிச் சிலாஜித்தாக எடுத்தால்தான் எதனால் பலன், எதனால் தொல்லை என்று பிரித்துத் தெரியும். அப்புறம், வேறு எதற்காக மருத்துவமனைக்குப் போனாலும் அந்தக் குப்பியைக் கையோடு எடுத்துப் போங்கள். "வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு, இயற்கை மருந்துதானே என்று நினைத்து "இல்லை" என்று சொல்லிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.